ஊறும் நேரம்

இரண்டாவது வள்ளத்தை அச்சிலிருந்து கழற்றிய அன்று
ஏராவை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.
பிசின் போய்ச் சேராத துணி.
சவேரியான் நகத்தால் சுரண்டினான்.
நூல் நூலாக வந்தது.
'இது வழியாத்தான் கடல் ஏறும்' என்றான்.
பிறகு பீடி பற்றவைக்க வெளியே போனான்,
உள்ளே பிசின் வாசம் என்பதால்.

மீராசா மரைக்காயர் என்னிடம் கேட்டார்:
துணி குடிக்குமா, குடிக்காதா?
குடிக்கும். எவ்வளவு நேரத்தில் என்பதுதான் தெரியாது.
'அளந்து சொல்லும்மா. ஒரே ஒரு எண்.'

வேதாளைப் பட்டறையின் வடக்கு மூலையில்
ஒரு மேசை தந்தார்கள்.
ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டேன்.
கோடுகளின் மேல் ஆறடுக்குக் கண்ணாடி இழைத்துணி,
அதன்மேல் கனத்த கண்ணாடிப் பலகை, எட்டுக் கிளாம்ப்.
ஒரு தலையில் வெற்றிடப் பம்பு.
மறுதலையில் பிசின் இல்லை, அது இறுகிவிடும்;
நாடார் கடையில் வாங்கிய சூரியகாந்தி எண்ணெய்.

குழாயைத் திறந்தேன்.
நனைந்த இடத்தில் துணி
தன் வெள்ளையை விட்டுவிடுகிறது.
அடியில் கிடக்கும் கோடு மேலே வருகிறது.
முதல் பத்து சென்டிமீட்டர், நாற்பது நொடி.
இருபதைத் தொட நூற்று அறுபது.
முப்பதுக்கு முந்நூற்று அறுபது.
நாற்பதுக்குப் பத்து நிமிடத்துக்கும் மேல்.
தூரம் இரண்டானால் காலம் நாலு.
எண்ணெயை நிறுத்துவது முன்னால் இருக்கும் துணியல்ல.
கடந்து வந்த துணி முழுவதும்
பின்னாலிருந்து இழுக்கிறது.

கணக்குப் போட்டால் விடை சதுர மீட்டரில் வருகிறது.
நிலத்தை அளக்கும் அலகு.
புள்ளிக்குப் பிறகு பத்து பூச்சியம்,
அப்புறம் முப்பத்தைந்து.
பத்திரம் பதிய முடியாத அந்தத் துளி நிலத்தின் வழியாகத்தான்
ஒரு வள்ளத்தின் பிசின் முழுக்கப் போக வேண்டும்.

மறுநாள் இருபத்தெட்டு.
அதே சுருள், அதே கத்தரி, அதே கை.
அடுக்குகள் ஒன்றின் பள்ளத்தில் ஒன்று
நன்றாக அமர்ந்துவிட்டன போலும்.
மூன்றாம் நாள் கச்சான் அடித்தது,
கண்ணாடி அதிர்ந்தது, நாற்பத்து மூன்று.
அன்று ஓரத்தில் நான் விட்ட நூலளவு இடைவெளியில்
எண்ணெய் தனியாக ஓடி
முனையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி
நடுவில் இருந்த துணியைச் சூழ்ந்துகொண்டது.
உள்ளே மாட்டிய காற்றுக்குப் போக்கிடம் இல்லை.
உள்ளங்கை அகலம்.
வெள்ளை.

'சவேரியா!' என்று கத்தினேன்.

அவன் குனிந்து பார்த்தான், ரொம்ப நேரம்.
அச்சின் விளிம்பில் துணியைக் குட்டையாக வெட்டுவது
தானேதான் என்றான்.
விரல் நுழைய இடம் வேண்டுமே, அதற்காக.

நாலாவது சோதனையில் கரண்ட் போனது.
பம்பின் மூச்சு நின்றது.
எண்ணெய் முப்பத்தோராம் சென்டிமீட்டர் வரை தயங்கி வந்து
அங்கேயே நின்றது.
நோட்டில் எழுதினேன்: 11.42, மின்வெட்டு, கணக்கில் சேராது.
எழுதிய பிறகும் அந்த ஈர விளிம்பையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாக் நீரிணைப் பக்கம் அலை இல்லாத மத்தியானம்
கரையில் நிற்கும் தண்ணீரும் இப்படித்தான்,
வரவும் இல்லை, போகவும் இல்லை.

மரைக்காயரிடம் மூன்று எண்களையும் கொடுத்தேன்.
'ஒண்ணு கேட்டா மூணா?'
ஒன்று சொன்னால் பொய்யாகிவிடும் என்றேன்.
இருபத்தெட்டை வைத்து வேலை செய்வோம்,
மெதுவான நாளை நம்புவோம்.
பிசின் குழாயைத் தலைமாட்டிலிருந்து எடுத்து
ஏரா நெடுக நடுவில் போடுவோம்.
தூரம் பாதி; காலம் கால்.
இதை மட்டும் அவர் இரண்டு தடவை
வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

மூன்றாவது வள்ளம் வெள்ளிக்கிழமை ஊறியது.
விளிம்பில் விரல் நுழையவில்லை.
சவேரியான் வெற்றிடப் பைக்கு மேல் டார்ச் அடித்து
கோடு கோடாக நேரம் சொன்னான், நான் எழுதினேன்.
கடைசிக் கோட்டுக்கு அவன் சொன்ன நொடியும்
நான் நேற்று எழுதி வைத்த நொடியும்
பொருந்தவில்லை.
ஐம்பது நொடி வித்தியாசம்.

திங்கட்கிழமை அச்சைக் கழற்றினோம்.
அவன் நகத்தை ஏரா நெடுக ஓட்டிக்கொண்டு போனான்.
நான் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டேன்.